உலகத்தை அழிக்கிற மெஷினைப் போய்ப் பார்த்தேன்: செர்ன் சுற்றுலா பற்றி ஒரு மின்வாரியக்காரனின் மதிப்புரை

2008 செப்டம்பர் 10. போடி பக்கம் ஒரு செக்‌ஷன் ஆபீஸில் நான் அப்போது லைன் இன்ஸ்பெக்டர். மின்வெட்டுக் காலம், போன் ஓயாது. அன்றைக்கும் ஓயவில்லை, ஆனால் வசவு குறைவு. “சார், இன்னிக்கு உலகம் அழியப்போகுதுன்னு டிவில சொல்றான். கரண்ட் விட்டீங்கன்னா என்ன ஆகுதுன்னாவது பார்த்துக்கிடுவோம்” என்றார் ஒரு பெரியவர். கேலி இல்லை, நிஜமாகவே கேட்டார். நான் சிரித்தேன். சிரித்துவிட்டு, வீட்டுக்குப் போன் போட்டு, பிள்ளை ஸ்கூலிலிருந்து வந்துவிட்டாளா என்று விசாரித்தேன். பயமில்லாதவன் எதற்கு விசாரிக்க வேண்டும்?

அந்தப் பிள்ளை இப்போது சூரிச்சில் குடித்தனம் பண்ணுகிறாள். 2024 ஜூனில் நானும் வீட்டம்மாவும் போயிருந்தபோது, “எங்கப்பா போகணும், ஆல்ப்ஸா, ஏரியா?” என்று கேட்டாள். எனக்கு ஒரே இடம்தான் தோன்றியது. அன்றைக்குத் துகள்களை மோதவிட்டுக் கருந்துளையை உண்டாக்கி உலகத்தை விழுங்கப்போகிறது என்று சொன்னார்களே, அந்த மெஷின். ஜெனீவா பக்கம் செர்ன் என்கிற துகள் ஆராய்ச்சிக்கூடத்தில் இருக்கிறது.

போகிற வழி சுலபம். சூரிச்சிலிருந்து ஜெனீவாவுக்கு மூன்று மணி நேரத்துக்குள் ரயில். ஸ்டேஷன் வாசலில் 18-ஆம் நம்பர் டிராம் ஏறினால் கடைசி நிறுத்தம், அதன் பெயரே செர்ன். நம்மூர் டவுன் பஸ்ஸில் ஏறி மின்மயானத்தில் இறங்குகிற மாதிரி, உலகம் முடிகிற இடத்துக்கு ஒரு டிராம் விட்டிருக்கிறார்கள் என்றேன். வீட்டம்மா முறைத்தாள்.

இறங்கியதும் ஒரு பக்கம் பெரிய மரக்கோளம், எதிரில் சாலைக்கு மேலேயே பாலம் போட்டதுபோல் கண்ணாடியும் குழாயுமாக ஒரு கட்டடம். சயன்ஸ் கேட்வே என்று பெயர், 2023 அக்டோபரில் திறந்தது, இத்தாலியக் கட்டடக்கலைஞர் ரென்சோ பியானோ வரைந்தது. அனுமதி இலவசம். சுவிட்சர்லாந்தில் இலவசம் என்ற சொல்லை நான் பார்த்தது அங்கேதான். வழிகாட்டியோடு போகிற சுற்றுலாவும் இலவசம்தான், ஆனால் அன்றன்றைக்கு வரவேற்பில் பெயர் கொடுக்க வேண்டும், இடம் கொஞ்சம்தான். கதவு திறக்கிற நேரத்துக்கே போய்விட்டோம், கிடைத்தது. பத்து மணிக்கு மேல் வந்த ஒரு குடும்பம் கையைப் பிசைந்துகொண்டு நின்றதையும் பார்த்தேன்.

கண்காட்சிக் கூடங்களைப் பற்றி அதிகம் எழுதவில்லை. குழந்தைகளுக்கு நல்ல இடம். ஒன்பது வயதுப் பேத்தியை அங்கிருந்து கிளப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. வெப் என்கிற வலையை 1989-ல் டிம் பெர்னர்ஸ்-லீ இங்கே உட்கார்ந்துதான் யோசித்தார் என்று மாப்பிள்ளை சொன்னார். எனக்கு அதைவிட வெட்டி வைத்திருந்த அந்த நீலக் காந்தத்தில்தான் கண் நின்றது. அசல் ஒன்று 15 மீட்டர் நீளம், 35 டன். இப்படி 1232 காந்தங்களை வரிசையாக மாட்டி, பூமிக்கு அடியில் சராசரியாக 100 மீட்டர் ஆழத்தில், 27 கிலோமீட்டர் சுற்றளவில் ஒரு வளையம். அதுதான் எல்.எச்.சி., புரோட்டான் கற்றைகளை எதிரெதிராக ஓட்டி மோதவிடுகிற மெஷின். பாதிக்கு மேல் பிரான்சில் ஓடுகிறது. காந்தத்துக்குள் திரவ ஹீலியம், மைனஸ் 271 டிகிரி. அந்தக் குளிரில் கம்பிக்கு மின்தடையே இருக்காது. முப்பது வருஷம் கம்பியோடு மல்லுக்கட்டினவனிடம், தடையே இல்லாத கம்பியில் பதினோராயிரத்துச் சொச்சம் ஆம்பியர் போகிறது என்று சொன்னால் என்ன செய்வேன்? கண்ணாடியைத் தொட்டுக்கொண்டு நின்றேன்.

இந்தக் காந்தங்களைத் தரையில் தாங்கி, மில்லிமீட்டருக்கும் கீழான கணக்கில் நேர்ப்படுத்துகிற ஜாக்கிகள் கிட்டத்தட்ட 7000. அத்தனையும் இந்தியாவிலிருந்து வந்தவை. உலகத்தை அழிக்கிற மெஷின் நிற்கிறதே நம்ம ஜாக்கி மேல்.

முதலில் கூட்டிப்போனது ஒரு பழைய யந்திரத்துக்கு. சின்க்ரோசைக்ளோட்ரான், அந்தக் காலத்துத் துகள் முடுக்கி, 1957-ல் ஓடத் தொடங்கி 1990-ல் ஓய்வு. முப்பத்து மூன்று வருஷ சர்வீஸ், என்னைவிட இரண்டு கூட. இருட்டு அறையில் அதன் உடம்பின் மீதே ஒளியைப் பாய்ச்சி அதன் கதையை ஓட்டுகிறார்கள். அருமையான வேலை. ரிட்டயர்டு ஆனவனுக்குக் கண் கலங்கும்.

அடுத்தது அட்லாஸ். எல்.எச்.சி.யில் துகள்கள் மோதுகிற நான்கு இடங்களில் ஒன்றில், மோதிச் சிதறுவதைப் பதிவு செய்கிற கருவி. 46 மீட்டர் நீளம், 25 மீட்டர் உயரம், 7000 டன். அதுவும் கீழே, நமக்குக் காட்டுவது மேலே இருக்கிற கட்டுப்பாட்டு அறையைத்தான், அதுவும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று. நாலைந்து பேர் திரைகளைப் பார்த்துக்கொண்டு, ஒருத்தர் ரொட்டி தின்றுகொண்டு. சப்-ஸ்டேஷனில் நைட் ஷிப்ட் ஆபரேட்டர் உட்கார்ந்திருப்பாரே, அதே தோரணை.

எங்கள் வழிகாட்டி போர்ச்சுகல்காரப் பையன், ஆராய்ச்சி மாணவன். “கேளுங்கப்பா, நான் சொல்றேன்” என்று மகள் தூண்டினாள். கேட்டேன்: “2008-ல் கருந்துளை வந்து பூமியை விழுங்கும்னு சொன்னாங்களே, அது சும்மாவா?”

கூட வந்தவர்களில் இரண்டு பேர் சிரித்தார்கள். பையன் சிரிக்கவில்லை. இந்த மதிப்புரையில் என் மதிப்பெண்ணில் பெரும்பகுதி அதற்குத்தான்.

வாரத்துக்கு ஒருவராவது கேட்கிற கேள்வி என்றான். கேட்டதில் தப்பில்லை, அதற்காகத்தான் இவர்களே ஒரு குழு போட்டு 2003-ல் ஒன்றும் 2008-ல் ஒன்றுமாகப் பாதுகாப்பு அறிக்கை எழுதினார்கள் என்றான். அமெரிக்காவில் வால்டர் வாக்னர், லூயி சாஞ்சோ என்று இரண்டு பேர் ஹவாய் கோர்ட்டில் வழக்குப் போட்டது, அது தள்ளுபடியானது, ஜெர்மனியில் ஒரு பெண்மணி அரசியல் சாசன நீதிமன்றம் வரை போனது, எல்லாவற்றையும் சொன்னான். பிறகு கணக்குக்கு வந்தான்.

இங்கே இரண்டு புரோட்டான் மோதுகிறபோது கிடைக்கிற சக்தி, பதிமூன்று பதினாலு கொசு பறக்கிற சக்தி, அவ்வளவுதான். ஆனால் அதைக் கொசுவைவிடக் கோடானுகோடி மடங்கு சிறிய இடத்தில் அடைக்கிறார்கள், அதுதான் விசேஷம். சரி, இதைவிடப் பெரிய மோதல் எங்கேயாவது நடக்கிறதா? நம் தலைக்கு மேலேயே நடக்கிறது. விண்வெளியிலிருந்து காஸ்மிக் கதிர்கள் காற்று மண்டலத்தில் வந்து மோதிக்கொண்டே இருக்கின்றன. 1991-ல் அமெரிக்காவின் யூட்டாவில் பதிவான ஒரே ஒரு துகளில், ஆள் உயரத்திலிருந்து செங்கல் விழுகிற அளவுக்குச் சக்தி இருந்ததாம். எல்.எச்.சி. தன் ஆயுசுக்கும் செய்கிற சோதனையைப் போல லட்சம் மடங்கை இயற்கை இந்தப் பூமியின் மேல் ஏற்கெனவே செய்து முடித்துவிட்டது. பூமி இருக்கிறது, நிலா இருக்கிறது.

நான் விடவில்லை. “அதெல்லாம் வேகமா வந்து வேகமா ஓடிப்போகும். இங்க ரெண்டு பக்கமும் நேருக்கு நேர் மோதினா, உண்டாகிறது அப்படியே நின்னுடாதா? நின்னது பூமிக்குள்ள விழாதா?” அரைகுறையாகத் தோன்றியதைக் கேட்டேன். மகள் தயங்கித் தயங்கி மொழிபெயர்த்தாள். பையனுக்கு முகமெல்லாம் சந்தோஷம். அறிக்கையை எழுதியவர்களும் இதே கேள்வியில்தான் உட்கார்ந்தார்களாம். பதில்: வெண்குள்ளன், நியூட்ரான் விண்மீன் என்று பயங்கர அடர்த்தியான நட்சத்திரங்கள் இருக்கின்றன. ஓடுகிற கருந்துளையையும் அவை பிடித்து நிறுத்திவிடும். அப்படி நின்றது தின்னுகிற ஜாதியாக இருந்தால் அந்த நட்சத்திரங்கள் எப்போதோ காணாமல் போயிருக்க வேண்டும். கோடிக்கணக்கான வருஷமாக வானத்தில் இருக்கின்றன.

இது எனக்குப் பிடித்தது. லைனில் சப்ளை இருக்கிறதா என்று கையை வைத்தா பார்ப்போம்? அதே லைனில் வேறெங்கே விளக்கு எரிகிறது என்று பார்ப்போம்.

அடுத்து அவன் சொன்னதைக் கேட்டு வாயடைத்துவிட்டேன். செப்டம்பர் 10 அன்று அங்கே மோதலே நடக்கவில்லையாம். கற்றையை ஒரு திசையில் சுற்றவிட்டுப் பார்த்திருக்கிறார்கள், பிறகு எதிர்த் திசையில் தனியாக. ஜெனீவாவில் காலை 10.28, நமக்கு மதியம் இரண்டாகப்போகிற நேரம், முதல் கற்றை முழுச் சுற்று வந்தது. கைதட்டிக்கொண்டார்கள், அவ்வளவே. முதல் மோதல் நடந்தது 2009 நவம்பர் 23. அந்தத் தேதியில் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று எனக்கு ஞாபகமே இல்லை, உங்களுக்கும் இருக்காது. ஆனால் மோதல் இல்லாத அந்த நாளுக்காக டிவிக்காரர்கள் அத்தனை நேரம் கத்தினார்கள். மத்தியப் பிரதேசத்தில் ஒரு பள்ளி வயதுப் பெண் அந்தச் செய்திகளைப் பார்த்துப் பயந்து உயிரை விட்டுவிட்டாள் என்று பேப்பரில் வந்தது. என் மகளும் அப்போது அதே வயதை நெருங்கிக்கொண்டிருந்தாள். அதை மொழிபெயர்க்கச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

நிஜமான விபத்து நடந்தது ஒன்பது நாள் கழித்து. செப்டம்பர் 19. இரண்டு காந்தங்களுக்கு நடுவில் ஒரு ஜாயின்ட். சாலிடர் பண்ணிய இணைப்பு, சரியாகப் பிடிக்கவில்லை. தடை எவ்வளவு தெரியுமா, ஒரு ஓமில் கோடியில் சில பங்குதான். கரண்டை ஏற்றிக்கொண்டே போய் 8700 ஆம்பியர் வந்தபோது அந்த இடம் சூடேறி, ஆர்க் அடித்து, ஹீலியம் உறையைப் பொத்துவிட்டது. ஆறு டன் வரை ஹீலியம் கொட்டியது. திரவம் வாயுவாகி ஊதின அழுத்தத்தில் முப்பத்தைந்து டன் காந்தங்கள் கான்கிரீட் தரையிலிருந்து பெயர்ந்து நகர்ந்தன. சுரங்கத்தில் ஆள் இல்லை, யாருக்கும் காயமில்லை. 53 காந்தங்களை மேலே ஏற்றிப் பழுது பார்த்தார்கள், ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. பிற்பாடு 2013-14-ல் வளையம் முழுக்கப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளைப் பிரித்துப் பார்த்துப் பலப்படுத்தினார்கள்.

ஒரு லூஸ் கான்டாக்ட். மகள் மொழிபெயர்த்து முடிக்கும் முன்பே எனக்குப் புரிந்துவிட்டது. என் சர்வீஸில் எரிந்த முக்கால்வாசி எரிந்தது ஜாயின்ட்டில்தான். கம்பி எரியாது, கம்பத்தில் இடி விழுவது எப்போதாவது, ஆனால் சரியாக முறுக்காத கிளாம்ப் ஒவ்வொரு கோடையிலும் எரியும். உலகமே அண்ணாந்து கருந்துளையைத் தேடிக்கொண்டிருந்தபோது கோளாறு கீழே ஒரு சாலிடருக்குள் உட்கார்ந்திருந்தது. இதை அவர்களே வாய்விட்டுச் சொல்கிறார்கள், எங்கே எரிந்தது, ஏன் எரிந்தது என்று. அதைக் கேட்டபிறகுதான் அந்த இடத்தின் மேல் எனக்கு நம்பிக்கை வந்தது. கருந்துளைக் கணக்கைவிட இது பெரிய சாட்சி.

முழு வேகத்தில் ஒரு கற்றையில் இருக்கிற மொத்தச் சக்தி, 400 டன் ரயில் 150 கிலோமீட்டர் வேகத்தில் போவதற்குச் சமமாம். அது தடம் மாறினால் மெஷின்தான் ஓட்டையாகும், பூமி ஆகாது. கொஞ்சம் தப்பாகத் தெரிந்தாலும் கற்றையைத் திருப்பி, தனியாக வைத்திருக்கிற கார்பன் கட்டைக்குள் தள்ளிவிடுகிறார்கள். பிரேக்கர் ட்ரிப் ஆவதுபோல. சுரங்கத்துக்குள் இறங்குகிறவர்கள் ஆளுக்கொரு சாவியைப் பலகையிலிருந்து எடுத்துக்கொண்டு போக வேண்டும், ஒரு சாவி திரும்ப வராவிட்டாலும் கற்றை கிளம்பாது. நம்ம எல்.சி. முறைதான், லைனில் ஆள் வேலை பார்க்கிறவரை சப்ளை கொடுக்காமல் நிறுத்தி வைக்கிற லைன் கிளியர். லைன் கிளியர் ரத்து பண்ணாமல் சப்ளை கொடுத்து ஆளைக் கொன்ற கதைகள் எங்களுக்குத் தெரியும். அந்தச் சாவிப் பலகை ஒன்று என் காலத்தில் எனக்குக் கிடைத்திருந்தால் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு குஷியான விஷயம். 2016 ஏப்ரலில் கீரிப்பிள்ளை மாதிரி ஒரு பிராணி 66 கே.வி. டிரான்ஸ்பார்மரில் ஏறி ஷார்ட் அடித்து, மொத்த எல்.எச்.சி.யும் நின்றுபோயிற்று. அதே வருஷம் நவம்பரில் அதே ஜாதியில் இன்னொன்று. இரண்டாவதைப் பாடம் பண்ணி நெதர்லாந்தில் ராட்டர்டாம் மியூசியத்தில் வைத்திருக்கிறார்களாம். எங்கள் ஃபீடரில் கருகின அணில்களுக்கெல்லாம் மியூசியம் வைத்தால் போடியில் இடம் போதாது என்றேன். பையன் விழுந்து விழுந்து சிரித்தான்.

செர்ன் வளாகத்துக்குள் ஒரு நடராஜர் சிலை இருக்கிறது, அதைப் பார்க்க வேண்டும் என்றால் தனி ஏற்பாடு வேண்டும். பொதுச் சுற்றுலாவில் எங்களுக்குக் காட்டவில்லை. மாப்பிள்ளையோடு படித்த ஒருவர் உள்ளே வேலை பார்க்கிறார், அவர் கூட்டிப்போனார். இரண்டு மீட்டர் உயரம், 2004-ல் இந்திய அரசு கொடுத்தது. கீழே பலகையில் கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசாமியின் வரிகள். என்னையறியாமல் செருப்பைக் கழற்றிவிட்டேன். “தாத்தா, இது ஆபீஸ்” என்றாள் பேத்தி. முயலகன் எங்கே இருக்கிறான் என்று காட்டிக்கொடுத்தேன்.

அழிக்கிற கடவுளை வாசலில் வைத்திருக்கிறார்களே, இவர்கள் உத்தேசம் என்ன என்று இதை வைத்தே கதை கட்டுகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். போதாக்குறைக்கு 2016-ல் சில பேர் ராத்திரி அங்கியைப் போட்டுக்கொண்டு இந்தச் சிலைக்கு முன்னால் நரபலி கொடுப்பதுபோல நாடகம் ஆடி வீடியோ எடுத்துவிட்டார்கள். செர்ன் விசாரணை வைத்தது. விளையாட்டுக்குச் செய்தது என்றாலும், பயந்துகொண்டிருக்கிறவனுக்கு இதைவிட நல்ல தீனி உண்டா? சிதம்பரத்துக்காரருக்கு அந்தச் சிலை ஆட்டம், இன்னொருத்தருக்குச் சாத்தான்.

திரும்புகிறபோது டிராமில் எனக்கு ஊர் ஞாபகமாகவே இருந்தது. எங்கள் போடி பக்கத்துப் பொட்டிப்புரம், அம்பரப்பர் மலை. 2015 ஜனவரியில் மத்திய அரசு 1500 கோடி ரூபாயில் அங்கே நியூட்ரினோ ஆய்வகத்துக்கு அனுமதி கொடுத்தது. நியூட்ரினோ என்பது எதிலும் ஒட்டாமல் புகுந்துபோகிற நுண்துகள். மலைக்குள் 2 கிலோமீட்டர் சுரங்கம், உள்ளே 50,000 டன் இரும்பு. அதை எதிர்த்துக் கையெழுத்து வாங்க டீக்கடைக்கு ஒரு பேப்பர் வந்தது. கதிர்வீச்சு பரவும், மண் மலடாகும், வெடி வைத்தால் முல்லைப் பெரியாறு அணை தாங்காது, இடுக்கி அணை தாங்காது, தண்ணீர் வற்றிப்போகும். நானும் கையெழுத்துப் போட்டேன். வைகோ கோர்ட்டுக்குப் போனார், பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டது, 2022-ல் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில் அனுமதிக்க முடியாது என்றே சொல்லிவிட்டது. விஞ்ஞானிகள் ஊர்ப்பக்கம் வந்து விளக்கியதாகச் சொன்னார்கள். நான் போய்க் கேட்கவில்லை, அது என் தப்பு.

அட்லாஸ் பையனிடம் இதையும் கேட்டிருந்தேன். அந்த மாதிரிக் கருவி நியூட்ரினோவை உண்டாக்குவதில்லை, வருவதைப் பார்க்கிறது, அவ்வளவுதான் என்றான். சூரியனிலிருந்து வருகிறது மட்டும் நம் உடம்பில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் நொடிக்கு 6500 கோடி புகுந்து போகிறதாம், ஒன்றும் செய்யாமல். கதிர்வீச்சுப் பயம் அத்தோடு போயிற்று. ஆனால் அணை, வெடி, தண்ணீர் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை. “அது உங்கள் மலையைத் தெரிந்த ஆட்கள் சொல்ல வேண்டியது” என்றான்.

இங்கேதான் எனக்கு எங்கள் மாமனார் வழிச் சின்னையா ஞாபகம் வந்தார். கோலார் தங்கவயல், மாரிக்குப்பம். 1965-ல் அந்தச் சுரங்கத்தில்தான் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், காற்று மண்டலத்தில் உண்டாகிற நியூட்ரினோவை உலகத்திலேயே முதன்முதலாகப் பிடித்த சோதனைகளில் ஒன்று நடந்தது. நம்ம ஜனங்கள் ஆயிரக்கணக்கில் வேலை பார்த்த இடம். நியூட்ரினோவால் அங்கே ஒருத்தருக்கும் தலைவலிகூட வந்ததில்லை. செத்தவர்கள் பாறை வெடித்துச் செத்தார்கள், பாறைத் தூசி நெஞ்சில் அடைத்துச் செத்தார்கள். சின்னையாவுக்கும் கடைசிவரை அந்த இருமல்.

அந்தப் பேப்பர் இன்றைக்கு மறுபடி டீக்கடைக்கு வந்தால் பேனாவை வாங்கிப் பாதியை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடுவேன். கதிர்வீச்சை அடித்துவிடுவேன். வெடி எவ்வளவு, எத்தனை லட்சம் டன் கல்லை எந்த ரோட்டில் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவார்கள், ஊற்று என்னாகும், இவற்றை விட்டுவைப்பேன். அவை ஜாயின்ட் கேள்விகள்.

சாப்பாடு பற்றிக் கேட்பீர்கள். வளாகத்திலேயே காபிக் கடை இருக்கிறது, குறை சொல்ல ஒன்றுமில்லை. சாயங்காலம் ரயில்வே ஸ்டேஷன் பக்கம் ஒரு இந்திய உணவகத்தில், பெயர் வேண்டாம், எல்லோரும் தோசை சாப்பிட்டோம். சாம்பாரில் சர்க்கரை. பில்லைப் பார்த்தபோதுதான் கருந்துளை என்று ஒன்று இருப்பதை முழுசாக ஒப்புக்கொண்டேன், உள்ளே போன காசு திரும்பவில்லை.

செர்ன் சுற்றுலாவுக்கு ஐந்துக்கு நாலரை. அரை மதிப்பெண் சுரங்கத்தைக் கண்ணால் பார்க்க முடியாததற்கு. மெஷின் ஓடுகிற காலத்தில் யாரையும் இறக்க மாட்டார்கள், இறக்கவும் கூடாது, ஆனாலும் ஆசை ஆசைதானே. முழங்கால் வலி உள்ளவர்கள் தாராளமாகப் போகலாம், நிறையப் படியில்லை. ஆங்கிலமோ பிரெஞ்சோ தெரிந்த ஒருத்தரைக் கூட்டிப்போங்கள், கேட்க நினைத்ததைக் கூச்சப்படாமல் கேளுங்கள். காலையிலேயே போய்ப் பெயர் கொடுங்கள். திங்கட்கிழமை போகாதீர்கள், பூட்டியிருக்கும்.